உன்னைப் பயனாளி என்று போட்டிருக்கிறார்கள்

மருந்துக்கடைச் சுவரில் உன்னைப் பார்த்துச் சில வாரங்கள் ஆகின்றன. கோபம் தணியட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். தணிகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். நீ இருந்தாலும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பாய்.

நான் இப்போது குடியிருக்கிற ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிற கடை அது. பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் உள்ளே தேடிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த புது தினசரி காலண்டர் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தேதித் தாளுக்கு மேலே பெரிய வண்ணப் படம். ஷாமியானா, அதன் பின்னால் பள்ளிக்கூடச் சுவர், வெள்ளைச் சட்டையும் சரிகைத் துண்டுமாக அந்த மனிதர். அவருக்கு எதிரே கசங்கிய புடவையில் நீ. இருவர் கையும் ஒரே போர்வையைப் பிடித்திருக்கிறது. உன் வாய் பாதி திறந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் நீ அழுதுகொண்டே நன்றி சொல்கிறாய் என்றுதான் நினைப்பார்கள். கீழே அச்சடித்திருக்கிறார்கள்: ‘புயலில் பாதிக்கப்பட்ட மீனவப் பயனாளிக்குப் போர்வை வழங்கியபோது.’

பயனாளி. கடை வாசலிலேயே அந்த வார்த்தையை வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் போர்வையின் ஓரத்தில் ஓடுகிற நீலக் கரை என் அம்மாவின் புடவைக் கரை. அம்மா போன பிறகு அந்தப் புடவையை உன்னிடம் கொடுத்தது நான். நீ அதை வெட்டித் தைத்தபோது எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததும் நான். நீ தைத்ததை உனக்கே தானமாகக் கொடுத்துப் படம் எடுத்து, நீ செத்த பிறகு அதை ஊர் ஊராக மாட்டி வைத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். வியாபாரிகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கேட்டதும் இன்னொன்றை எடுத்து எனக்கும் நீட்டினார். சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மாத்திரையை வாங்க மறந்துவிட்டேன்.

நாம் பழகியது மறைமலைநகரில், கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில். கம்பெனி பஸ் புதுப்பட்டினத்தில் உன்னை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக வந்து செங்கல்பட்டில் என்னை ஏற்றும். நான் ஏறும்போது ஜன்னலோரத்தில் உன் சாப்பாட்டுப் பை எனக்காக உட்கார்ந்திருக்கும். வேறு யாராவது அதை நகர்த்தினால், “ஆள் கீது” என்பாய். அவ்வளவுதான், எழுந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் முந்தின தலைமுறை வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள்தான். கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய முதல் ஆள் நான். உன் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். நீ எப்படி இங்கே வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். “கடல்ல மீனு கொறஞ்சிகினு வருது, ரோட்ல காரு ஏறிகினு வருது. எது ஏறுதோ அங்கதான போவணும்” என்றாய். சிரிப்பே இல்லாமல் சொன்னாய்.

போர்வை யோசனை உனக்கு வந்த காலை இன்றும் கண்ணில் நிற்கிறது. மார்கழி மாதம். உன் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தீர்கள். துணைக்கு இருந்த நீ, அங்கிருந்து நேராக வேலைக்கு வருவதற்காகச் செங்கல்பட்டில் என்னோடு பஸ் ஏறினாய். உன் ஒரு கன்னம் முழுவதும் வரி வரியாகத் தடம் பதிந்திருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்த தடம். நான் உச்சுக்கொட்டினேன். உனக்கு அது பிடிக்கவில்லை.

“எனக்கு இன்னா, ஒரு வாரம். அங்க மாசக்கணக்கா படுத்துகினு கீறாங்க. பேஷன்டுக்கு கட்டிலு கீது. கூட கீற பொம்பளைக்கு இன்னா கீது? தரை கீது. முதுகுல ஏறுது பாரு குளிரு, அப்டியே எலும்ப புடிக்குது” என்றாய்.

அன்றைக்கு மதியமே சூப்பர்வைசரிடம் போய் நின்றாய். நம் மேஜைக்குக் கீழே வெட்டு மீதித் துணி குவிந்து கிடக்கும். சீட் துணியின் அடியில் மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும் அல்லவா, அந்தத் துண்டுகள். அவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். எடுத்துக்கொண்டு போ, எனக்குக் குப்பை குறையும் என்றார் அவர். அவர் சொன்னதை நான் கேட்டேன். நம் வரிசை முழுவதும் கேட்டது. இதை இங்கே எழுதி வைப்பது எனக்கு முக்கியம்.

உன் போர்வை கடையில் விற்கிற மாதிரி இருக்காது. ஒருபக்கம் சீட் துணித் துண்டுகள், நடுவில் பழைய வேட்டி, மறுபக்கம் பருத்திப் புடவை. ஒரு ஆள் அகலத்துக்கு இரண்டு மடங்கு வைத்துத் தைப்பாய். சீட் துணி தரையில் படும்படி விரித்துப் பாதியில் படுத்துக்கொண்டு, மீதிப் பாதியை மேலே இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். அத்தனை அடுக்கில் மிஷின் ஊசி உடைந்துவிடும். அதனால் கோணி ஊசியால் கையாலேயே ஓட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை மீன் விற்று முடிந்த பிறகு உன் தெருப் பெண்கள் உன் வீட்டில் கூடுவார்கள். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவாமல் துணியைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாய். மீன் கூடை இறக்கிவிட்டு நேராக வந்து உட்கார்ந்த உன் பக்கத்து வீட்டு சரோஜாவை எழுப்பி அனுப்பியிருக்கிறாய், அவள் உன்னைவிட மூத்தவள் என்றும் பார்க்காமல். நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருவேன். கோணி ஊசி ஏறி ஏறி என் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று.

நீ கொடுக்கிற விதமும் தனி. மூட்டையோடு ஆஸ்பத்திரி நடையில் நுழைவாய். யார் எதன்மேல் படுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பாய். வெறுந்தரை என்றால் பக்கத்தில் வைத்து, “இந்தா, அடில போட்டு படு” என்பாய். எந்த ஊர், என்ன சாதி, என்ன வியாதி, எதுவும் கேட்க மாட்டாய். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, யாரம்மா கொடுத்தனுப்பினார்கள் என்று கேட்டார். “தெச்சவங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாய். அந்தப் பதில் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிறகுதான் அந்த மனிதர் வந்தார். மாமல்லபுரத்தில் அறக்கட்டளை நடத்துகிறவர். யாரோ சொல்லி உன் வீட்டுக்குத் தேடி வந்தார். போர்வையை விரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், பெண்களையெல்லாம் கும்பிட்டார். நூல் நான் வாங்கித் தருகிறேன், வண்டி என்னிடம் இருக்கிறது, நீங்கள் ஏன் பஸ்ஸில் மூட்டை தூக்கி அலைய வேண்டும், தைத்துக் கொடுங்கள், தேவைப்படுகிறவர்களுக்கு நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் அந்த மூட்டைக்காக நீ கண்டக்டர்களிடம் பட்ட பேச்சு கொஞ்சமா? அந்த மழைக்காலத்துக்கு முன்னால் தைத்ததை எல்லாம் அவருடைய வண்டியில் ஏற்றிவிட்டாய். மார்கழிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாய். தலையாட்டினார்.

அதற்குள் புயல் வந்தது.

உன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்தது. அலை உள்ளே வந்து தெரு முழுவதும் மணலும் தண்ணீருமாகக் கிடந்தது. குப்பம் மொத்தத்தையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பஸ் ஓடத் தொடங்கியதும் நான் வந்தேன். வகுப்பறையில் குழந்தைகளை பெஞ்சின்மேல் படுக்க வைத்துவிட்டு, பெரியவர்கள் சாரல் அடித்து ஈரமான சிமென்ட் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உன் போன் தண்ணீரில் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் நீ முதலில் கேட்டது சோறில்லை, துணியில்லை. போனைக் கேட்டாய்.

அவருக்குத்தான் பேசினாய். எங்கள் போர்வை எல்லாம் உங்கள் மண்டபத்தில் இருக்கிறது, இங்கே ஜனம் நடுங்குகிறது, வண்டியை அனுப்புங்கள் என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் குரலில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு இனிமை.

“கண்டிப்பா குடுக்கலாம்மா. சீஃப் கெஸ்ட் ஞாயித்துக்கிழமை தேதி குடுத்திருக்காரு. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க. முறையா குடுத்தாதான் மரியாதையா இருக்கும்.”

நீ போனை என் கையில் திணித்துவிட்டு, “யாருக்கு மரியாதை?” என்றாய். என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் நீ அவருக்குப் பேசினாய், கத்தினாய், ஒருதடவை கெஞ்சியும் பார்த்தாய். நீ கெஞ்சி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். போர்வைகள் பூட்டிய அறையில் உலர்ந்து கிடந்தன. தைத்தவர்கள் ஈரத்தில் கிடந்தார்கள். இதை எப்படி எழுதினாலும் எனக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி, குப்பத்து ஜனத்துக்குத் தரை. வண்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு போர்வையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, உறையின்மேல் அறக்கட்டளையின் பெயரும் அந்த மனிதர் கும்பிடுகிற படமும். மைக்கில், எங்கள் அறக்கட்டளை தயாரித்த போர்வைகள் என்றார். சரோஜா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன் பெயரும் வந்தது. நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழாயடிச் சண்டைக்குப் போகிறவள் மாதிரி எழுந்து போனாய்.

நான் முன்னால் வந்து நின்றேன், அதனால் எனக்குக் கேட்டது. அவர் போர்வையை நீட்டினார். நீ அதைப் பிடித்துக்கொண்டே சொன்னாய்: “சார், இது நா தெச்சது. அத்த மைக்ல சொல்லு.” அவர் சிரிப்பைக் கலைக்காமல், உதடு அசையாமல், “அப்புறம் பேசிக்கலாம்மா, இங்க பாரு, கேமராவ பாரு” என்றார். நீ கேமராவைப் பார்க்கவில்லை. “சொல்லு” என்றாய் மறுபடியும். அந்தச் ‘சொல்லு’வில் திறந்த வாய்தான் இப்போது காலண்டரில் இருக்கிறது.

மேடையிலிருந்து இறங்கி வந்தாய். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இறால் பண்ணை வேலைக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நிறைமாதம். அத்தனை நாளும் உங்களோடு அதே வகுப்பறையில்தான் இருந்தாள். இது ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று தொண்டர் ஒருவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். நீ நேராக அவளிடம் போனாய். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாய். போர்வையை உதறி அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினாய். தொண்டர் ஓடிவந்து, அக்கா அது உங்களுக்குக் கொடுத்தது, அப்படி மாற்றித் தரக் கூடாது என்றார்.

நீ திரும்பி அவரிடம் சொல்லவில்லை. மேடையைப் பார்த்துச் சொன்னாய். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

“குளிருக்கு தெச்சேன். ஆள பாத்து குடுக்கறதுக்கு தெக்கல.”

பிறகு வண்டிக்குப் போனாய். சரோஜா எழுந்தாள். அவள் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். உறையைக் கிழித்துப் போட்டு, “இது எங்கையி தையலு”, “இது என் வூட்டுக்காரு வேட்டி” என்று சொல்லிச் சொல்லி எடுத்தார்கள். எதிரே நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். மைக் அமைதி காக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பிப் போயிற்று. சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தப் பள்ளிக்கூடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் இல்லை. மைதானம் முழுவதும் அவர் படம் போட்ட பிளாஸ்டிக் உறைகள் காற்றில் உருண்டன. நீயே பள்ளிக்கூடத்துத் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டிக் குப்பையில் போட்டாய்.

அன்றைக்கு நான் உன்னைப் பற்றிப் பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு விலை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்குத் திரும்பிச் சில வாரத்தில் உன்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனித் துணியை வெளியே கடத்தியதாகப் புகார் வந்திருக்கிறது என்றார்கள். அந்த மனிதருக்கும் நம் மேனேஜருக்கும் பழக்கம் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அத்தனை காலம் குப்பையாக இருந்த துணி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்படிக் கம்பெனிச் சொத்து ஆயிற்று என்று எனக்கு யாராவது சொல்லட்டும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நீ அவரைப் பார்த்து, “உன் வாயாலதான சொன்ன, எட்துகினு போன்னு” என்றாயாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நாங்கள் வரிசையாகப் போய் மேனேஜரிடம் சொன்னோம். அந்தப் பெண் கான்ட்ராக்ட் ஆள், கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார். கான்ட்ராக்டரைக் கேட்டால், கம்பெனி வேண்டாம் என்கிறது, நான் என்ன செய்ய என்றார். கேட்டில் உன் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் செங்கல்பட்டில் நான் பஸ் ஏறியபோது ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. நான் அதில் உட்காரவில்லை, நின்றுகொண்டே போனேன்.

நீ என்னவோ என்னைவிடச் சீக்கிரம் தேறிவிட்டாய். புதுப்பட்டினத்தில் நைட்டி தைக்கிற கடையில் சேர்ந்தாய். அங்கே மிஞ்சுகிற பூப்போட்ட துணியெல்லாம் போர்வைக்கு வந்தது. தரைப் பக்கத்துக்குக் கோணிச் சாக்கைத் துவைத்து வைத்துத் தைத்தாய். “இப்பதான் போர்வ பாக்க லட்சணமா கீது” என்றாய். மறுபடியும் பஸ், மறுபடியும் மூட்டை, மறுபடியும் கண்டக்டரோடு பேஜாரு. இனிமேல் யார் கையிலும் கொடுத்தனுப்புவதில்லை, நாமே போய்க் கொடுப்பது, கொடுக்கும்போது போன் பைக்குள் இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டாய்.

சர்க்கரை உன் காலில் புண்ணாக வந்தது. நண்டு ஓடு கிழித்த காயம் என்று நீ அதைச் சட்டை செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாள் கடந்திருந்தது. இந்தமுறை கட்டிலில் நீ, கூட நான். ஒரு பிற்பகல் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னாடி எஸ்தரு, என் மூஞ்சியவே பாத்துகினு கீற? வெளிய போய் பாரு, எத்தினி பேரு வெறுந்தரைல கீறாங்கன்னு. வூட்ல பீரோ மேல மூட்டை கீது, போய் எட்த்தா” என்றாய். உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கினேன். திட்டினாய். போய் எடுத்து வந்தேன். நடை முழுக்கக் கொடுத்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் கால் வீங்கிய தாத்தாவுக்குக் கொடுத்தாயா என்று கேட்டாய். வார்டை விட்டு நகராத நீ அவரை எப்படிப் பார்த்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் கொடுத்திருந்தேன். “செரி” என்றாய். அடுத்த வாரம் போய்விட்டாய்.

இப்போது காலண்டருக்கு வருகிறேன்.

சரோஜாவைக் கூட்டிக்கொண்டு அந்த மனிதரைப் பார்க்க மாமல்லபுரம் போனேன். சிலைக் கடைகள் இருக்கிற தெருவில் மாடியில் அவருடைய ஆபீஸ். கீழே உளிச் சத்தம் ஓயாமல் கேட்டது. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். காலண்டரை அவர் மேஜைமேல் விரித்தேன். நன்றாக வந்திருக்கிறது இல்லையா என்றார். இந்தப் பெண் யார் தெரியுமா என்று கேட்டேன். உற்றுப் பார்த்தார். உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் எனக்கு உச்சியில் ஏறியது. உன் வேலையைப் பறித்ததற்கு அவர் காரணமோ இல்லையோ, உன் முகமே அவருக்கு நினைவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ இறந்துவிட்டாய் என்றதும் அடடா என்றார். குடும்பத்துக்கு ஏதாவது உதவி வேண்டுமா, அடுத்த விழாவில் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்றார். உதவி வேண்டாம், தைத்தவர் என்று போடுங்கள், இல்லையென்றால் படத்தை எடுங்கள் என்றேன். பயனாளி என்பது தப்பான வார்த்தை இல்லையே, அவர் வாங்கிக்கொண்டது உண்மைதானே, யார் தைத்தால் என்ன, நோக்கம்தானே பெரிது என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றார். கடைசியாக, அந்தப் படத்தில் இருக்கிற உணர்ச்சிக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்றார்.

அதுவரைக்கும் வாயைத் திறக்காத சரோஜா எழுந்து நின்றாள்.

“அது உணர்ச்சி இல்ல சார். அவ உன்ன திட்டிகினு கீறா” என்றாள்.

காபியைத் தொடாமல் வந்துவிட்டோம். படி இறங்கும்போது சரோஜா, அவன் அச்சடித்தால் அடிக்கட்டும், நம்மிடம் பேனா இல்லையா என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வெள்ளைச் சார்ட் தாளும் பசையும் கெட்டிப் பேனாவும் வாங்கினோம். தாளை அங்கேயே நீளத் துண்டுகளாக வெட்டினேன். ‘இந்தப் போர்வையைத் தைத்தவர் இவர்’ என்று எழுதி, அடியில் உன் பெயரைப் பெரிதாக எழுதினேன். முதலில், எதிரே அந்தக் காலண்டர் மாட்டியிருந்த டீக்கடையில் கேட்டோம். கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டார். பிறகு அவரே ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியைப் பிடுங்கி, உட்கார்ந்து டீ குடிக்கிறவர் கண்ணுக்கு நேராக இறக்கி அடித்தார். ‘பயனாளி’ என்ற வார்த்தையின்மேல் என் கையாலேயே ஒட்டினேன்.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு ஜவுளிக் கடைக்காரர், சார் கோவித்துக்கொள்வார் என்று மறுத்துவிட்டார். இன்னொருவர், செத்தவர்களுக்காக எதற்கம்மா வம்பு என்றார். செத்தவர்களுக்குப் பேச வாயில்லை, அதற்காகத்தான் என்றேன். புதுப்பட்டினம் கடைத்தெருவில் உன் தெருப் பெண்கள் மீன் விற்றுக்கொண்டே கடை கடையாக ஒட்டிவிட்டார்கள். அங்கே மறுக்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. ஊரப்பாக்கம் மருந்துக்கடையில் நான் ஒட்டினேன். அறக்கட்டளையிலிருந்து ஒரு ஆள் எனக்குப் போன் செய்து, இது அசிங்கமாக இருக்கிறது, நிறுத்திவிடுங்கள் என்றார். எது அசிங்கம் என்று கேட்டேன். வைத்துவிட்டார். மற்ற ஊர்களில் எத்தனை சுவரில் நீ இன்னும் பயனாளியாகவே தொங்குகிறாய் என்று எனக்குத் தெரியாது. டிசம்பர் வரைக்கும் தொங்குவாய்.

நாங்கள் இன்னும் தைக்கிறோம். சரோஜா வீட்டில் ஒரு கூட்டம், கம்பெனியை விட்ட பிறகு நான் இங்கே போட்ட தையல் கடையில் ஒரு கூட்டம். போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நடையில் சுவரை ஒட்டி ஒரு பெண் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். சாரத்திலிருந்து விழுந்த புருஷன் உள்ளே இருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நீ வைக்கிற மாதிரியே போர்வையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகரப் பார்த்தேன்.

அவள் எழுந்துவிட்டாள். முகத்தைத் துடைத்தாள். கலைந்த முடியை ஒதுக்கிச் செருகினாள். போர்வையை எடுத்து நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகு படும்படி நேராக நின்றாள். எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

“இன்னாம்மா?” என்றேன்.

“போட்டோ எடுக்கலியா? சோறு குடுக்கறவங்க எடுப்பாங்களே” என்றாள்.

நீயாக இருந்தால் அந்த நடையே அதிர்ந்திருக்கும். நான் அவள் கையிலிருந்து போர்வையை வாங்கி, கோணிப் பக்கம் கீழே வரும்படி விரித்தேன். படும்மா என்றேன். அவள் சந்தேகத்தோடுதான் படுத்தாள். பாதியை இழுத்துப் போர்த்திவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப யாருக்கு காட்டுவீங்க?”

“யாருக்கும் இல்ல. தூங்கு.”

அவள் கண்ணை மூடுகிறாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை. நீ விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது இதுதான்: கொடுத்தபின் நின்று பார்க்காமல் நடந்துவிடுவது, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வெறுந்தரைக்கு நடப்பது.